நான் சொன்ன பொய்ச்சாட்சி



சாட்சி என்றால் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லுவோம். வியாதி நீங்கியது, கடன் தீர்ந்தது, குடித்துக்கொண்டிருந்த கணவர் ஞானஸ்நானம் எடுத்தார் என்று எழுதுவோம். நானும் இதற்கு முன் இரண்டு தடவை இந்தப் பத்திரிகையில் அப்படி எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை எழுதுவது நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி. எழுதி முடித்து முதலில் போதகர் ஐயாவிடம் காட்டினேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "போடலாம் சிஸ்டர், ஆனா வாலிபர் பக்கத்துல வேண்டாம், பெரியவங்க பக்கத்துல போடுவோம்" என்றார். பெரியவர்கள் பக்கத்தைத்தான் வாலிபர்கள் முதலில் புரட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது! நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் குடியிருக்கிறேன். 31 வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை செய்து, 2015-ல் ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர். அதனாலேயே உடம்பு சம்பந்தமாக நான் ஒன்று சொன்னால் நம் சபைப் பெண்கள் ஒரு படி கூடுதலாக நம்புவார்கள். என் தப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2018-ல் ஒரு சனிக்கிழமை, பெண்கள் உபவாசக் கூட்டம். கர்ப்பத்தின் கனி கர்த்தர் தரும் ஈவு என்பது செய்தி. போதகரம்மா பேசி முடித்ததும், "சிஸ்டர், நர்ஸா இருந்தவங்க, நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வைராக்கியம் பொங்கியது. கருவைக் கலைக்கிற மாத்திரையைப் பற்றிப் பேசினேன். அதை ஒரு தடவை தொட்டால் கர்ப்பப்பை உள்ளேயே அழுகிப்போகும் என்றேன். அப்புறம் ஜென்மத்துக்கும் பிள்ளை தங்காது என்றேன். மார்பில் புற்றுநோய் வரும் என்றேன். சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் பிழைப்பதே அபூர்வம் என்றேன். பெண்கள் கண்ணீர் விட்டு அழுதார்கள். ஆமென் சத்தம் கூரையைத் தொட்டது. இன்று வார்த்தை வல்லமையாய் இறங்கியது என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

நான் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அன்றைக்குக் கடைசி வரிசையில், மடியில் பத்து மாதக் குழந்தையோடு ஒரு தங்கச்சி இருந்தாள். சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்குள் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை, பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் மறுபடி சேர்ந்திருந்தாள். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவுக்கு வாங்கிய கடன் பாக்கி. கூட்டம் முடிந்து சில வாரத்தில் அவள் சபைக்கு வருவது நின்றது. ஒரு ஞாயிறு வரவில்லை, இரண்டு ஞாயிறு வரவில்லை, மூன்றாவது ஞாயிறும் வராததால் இரும்புலியூரில் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் எனக்கு வார்டு ஞாபகம் வந்துவிட்டது. உதடு வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி இருந்தது.

"என்னம்மா, எத்தனை நாளா போகுது?"

"பத்தொன்பது நாளா ஆன்ட்டி. நேத்துலருந்து கட்டி கட்டியா."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "நீங்கதானே ஆன்ட்டி சொன்னீங்க, கர்ப்பப்பை அழுகிடும்னு. அதான் அழுகி வருதுன்னு நெனச்சேன். எனக்கு இது வேண்டியதுதான்னு இருந்துட்டேன்."

108-க்குப் போன் செய்தோம். அட்மிட் பண்ணியபோது ஹீமோகுளோபின் 5. கரு முழுசாக வெளியேறாமல் உள்ளே தங்கியிருந்தது. உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்தார்கள், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். பால் கொடுக்கிற தாய். பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கே திரும்பவில்லை, ஆகவே நாள் தள்ளிப்போனதே தெரியவில்லை. வாந்தி வந்த பிறகு கார்டு வைத்துப் பார்த்திருக்கிறாள். அவள் கணக்கில் இரண்டு மாதம், உண்மையில் பதினொரு வாரத்துக்கு மேல். கணவர் யாரோ தெரிந்தவர் மூலமாக மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டி இல்லை, சீட்டு இல்லை, வெறும் அட்டை. ஐந்து மாத்திரையையும் ஒரே வேளையில் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டாள். ஸ்கேன் இல்லை, டாக்டர் இல்லை, ரத்தம் பார்க்கவில்லை.

தேவ ஜனமே, ஒன்றைக் கவனியுங்கள். நான் கிளப்பிய பயம் அவளை மாத்திரை சாப்பிடாமல் தடுக்கவில்லை. கடனும் வேலையும் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தன. என் பயம் தடுத்தது ஒன்றைத்தான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தடுத்தது!

இவ்வளவு நடந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். சபையில் கேட்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் பெண்கள் முகாமுக்காக அச்சடிக்க இருந்த ஒரு கைப்பிரதியைப் பிழை திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். மூன்றாவது பாராவில், "பல ஆண்டுகள் பிரசவ வார்டில் பணியாற்றிய ஒரு கிறிஸ்தவச் செவிலியர் கூறுவதாவது" என்று ஆரம்பித்து, நான் அன்றைக்குச் சொன்ன நான்கு பொய்யும் வரிசையாக நின்றன. என் பொய் பல வருஷம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது.

ஆகையால் இப்போது உண்மையைச் சொல்லுகிறேன். பொறுமையாக வாசியுங்கள், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இது இரண்டு மருந்து. முதலாவது மிஃபெப்ரிஸ்டோன். பிரான்ஸ் தேசத்தில் ரூசல் உக்ளாஃப் என்ற கம்பெனியில் 1980-ல் உருவானது, 1988-ல் அங்கே அனுமதி பெற்றது. நம் தேசத்தில் 2002-ல் அனுமதி கிடைத்தது. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையை இது தடுத்துவிடும். கர்ப்பப்பையின் உள்சுவர் பிடிப்பு விடும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து இரண்டாவது மருந்து, மிசோப்ரோஸ்டால். அது கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். கிட் என்று சொல்லுகிற அட்டையில் முதலாவது ஒன்று, இரண்டாவது நான்கு. இடைவெளி எதற்கென்றால் முதல் மருந்து தன் வேலையைச் செய்ய நேரம் வேண்டும். இன்றைய விதிப்படி 9 வாரம் வரைதான் மாத்திரை கொடுக்கலாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த மிசோப்ரோஸ்டால் முதலில் வயிற்றுப் புண்ணுக்கு வந்த மருந்து. பிரசவமான தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காதபோது அதே மாத்திரையை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன், தாய்மார் பிழைத்து எழுந்ததைக் கண்ணாலே கண்டிருக்கிறேன். ஒரே மாத்திரை. அதை நான் மேடையில் விஷம் என்று பேசினேன்.

சாப்பிட்டால் உடம்பில் என்ன நடக்கும்? இரண்டாவது மருந்துக்குப் பிறகு சில மணி நேரத்தில் வயிறு இழுத்துப் பிடித்து வலிக்கும், சிலருக்குப் பிரசவ வலி போலவே இருக்கும். மாதவிலக்கைவிட அதிகமாக ரத்தம் போகும், கட்டி கட்டியாகவும் வரும். வாந்தி, பேதி, குளிர் நடுக்கம், கொஞ்சம் ஜுரம் வரலாம். இவை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். ரத்தம் படிப்படியாகக் குறைந்து 9 முதல் 16 நாள் வரை போகும், சிலருக்குச் சொட்டுச் சொட்டாக ஒரு மாதம்கூட. மாத்திரை விற்கிறவன் "ஒண்ணும் இல்லக்கா, பீரியட்ஸ் மாதிரிதான்" என்று சொல்லுவான். அதுவும் பொய்தான். என் பொய் இந்தப் பக்கம், அவன் பொய் அந்தப் பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டது அந்தத் தங்கச்சி.

டாக்டர் பார்த்து, 9 வாரத்துக்குள், சரியான அளவில் கொடுத்தால் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவர்களுக்கு மாத்திரையிலேயே முடிந்துவிடுகிறது. மீதிச் சிலருக்கு உள்ளே தங்கிவிடும், சுத்தம் செய்ய வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைமையும், கடுமையான தொற்றும் அபூர்வம். பாதிப் பேர் பிழைப்பதே அபூர்வம் என்றேனே? அமெரிக்காவில் 2000-ல் அனுமதி கொடுத்ததிலிருந்து 2022 முடிவு வரை ஏறக்குறைய 59 லட்சம் பெண்கள் மிஃபெப்ரிஸ்டோன் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கணக்குச் சொல்லுகிறது. அவர்களில் இறந்துபோனதாக வந்த தகவல் 32. அந்த 32-லும் மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் ஒவ்வொரு உயிரும் விலையேறப்பெற்றதே. ஆனால் நான் சொன்ன கணக்கு எங்கே, இது எங்கே!

கர்ப்பப்பை அழுகாது. தொற்று வந்து அதைக் கவனிக்காமல் விட்டால் குழாய் கெட்டுப்போகலாம், அது வேறு. சிக்கல் இல்லாமல் முடிந்தால் பின்னால் பிள்ளை தங்குவதற்கு ஒரு தடையும் இல்லை. இன்னும் சொன்னால், இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு உண்டாக வழியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய் விஷயம்: 16 நாடுகளில் நடந்த 53 ஆய்வுகளைச் சேர்த்து, 83,000 நோயாளிப் பெண்களின் விவரங்களைப் பார்த்து, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கருக்கலைப்பினால் அந்த நோய் வருகிறதில்லை என்று கண்டார்கள். நான் பேசியது 2018-ல். பதினான்கு வருஷம் பழைய உண்மையை மறைத்துப் பேசியிருக்கிறேன்.

அந்தக் கைப்பிரதியில் நான் சொல்லாத ஒன்றும் இருந்தது. முதல் மாத்திரை சாப்பிட்ட பிறகு மனம் மாறினால் ஹார்மோன் மருந்து கொடுத்துக் கருவைக் காப்பாற்றிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 40 பெண்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கத் திட்டமிட்டார்கள். 12 பேர் சேர்ந்த நிலையில் 3 பேருக்கு ரத்தப்போக்கு அதிகமாகி அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. சோதனையையே நிறுத்திவிட்டார்கள், 2019-ல். மனம் மாறின பெண் உடனே டாக்டரிடம் போகட்டும். கைப்பிரதியை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

இப்போது உண்மையான ஆபத்தைச் சொல்லுகிறேன், ஏனென்றால் ஆபத்து இல்லவே இல்லை என்று சொன்னால் அது என் மூன்றாவது பொய்யாகிவிடும். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கிவிடும். இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. ரத்தம் போகும், வலிக்கும், பெண் "சரி, மாத்திரை வேலை செய்யுது" என்று நினைத்துக்கொண்டிருப்பாள். உள்ளே குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் பரிசோதனையும் ஸ்கேனும். அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம் சபையில் பெண்கள் பக்கம் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! மற்றவள் தாங்குகிற ரத்தப்போக்கை இவளால் தாங்க முடியாது. காப்பர் டி போட்டிருக்கிறவர்கள், ரத்தம் உறையாத வியாதி உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இவர்கள் எல்லாம் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

வயதுக்கு வந்த பிள்ளைகளை வைத்திருக்கிற தாய்மார் இதைக் குறித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேடு முழுக்க நனைந்து, அடுத்த மணியும் அப்படியே நனைந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஜுரம் ஒரு நாளுக்கு மேல் விடாமல் இருந்தால், வெள்ளைப்பட்டு நாற்றம் அடித்தால், மயக்கம் வந்தால், ஒரு பக்க அடிவயிறும் தோள்பட்டையும் வலித்தால், அல்லது இரண்டாவது மாத்திரை போட்டு ஒரு நாள் ஆகியும் ரத்தமே வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. எதற்குச் சாப்பிட்டாள், யார் காரணம் என்கிற விசாரணையெல்லாம் ரத்தம் நின்ற பிறகு.

எனக்கு வயதானதால் பழைய காலமும் ஞாபகத்தில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த 1984-ல் செப்டிக் வார்டு என்று தனியாக ஒன்று இருந்தது. எருக்கங்குச்சியை உள்ளே வைத்துக் கலைக்கப் பார்த்த பெண்கள் அங்கே படுத்திருப்பார்கள். பப்பாளியும் எள்ளும் தின்று பார்த்துவிட்டு, அது பலிக்காமல் குச்சிக்குப் போனவர்கள். வாசலிலேயே அந்த நாற்றம் வரும். பலர் நான்கைந்து பிள்ளைகளின் தாய். இத்தனைக்கும் சட்டம் அப்போதே இருந்தது. சாந்திலால் ஷா தலைமையில் 1964-ல் ஒரு கமிட்டி போட்டு, தாய்மார் இப்படிச் சாகிறார்களே என்று ஆராய்ந்து, அதன் பிறகு 1971-ல் வந்த சட்டம் அது. சட்டம் டெல்லியில் வந்துவிட்டது, எருக்கங்குச்சி கிராமத்தை விட்டுப் போக இன்னும் எத்தனையோ வருஷம் பிடித்தது. மாத்திரை வந்த பிறகு அந்த வார்டு மெல்ல மெல்லக் காலியானது. இதை நான் பார்த்தேன். பார்த்ததை மறைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

2015-ல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் விசாரித்து எடுத்த கணக்கு. அதில் நூற்றுக்கு 81 மாத்திரையால், 73 ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கிய மாத்திரையால். ஆனால் நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில் தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்புகளில் நூற்றுக்கு 2 கடையில்தான் இந்தக் கிட் இருந்தது. அஸ்ஸாமில் 70-ஐ நெருங்கியது. மருந்துக் கட்டுப்பாட்டுக் கெடுபிடிக்குப் பயந்து கடைக்காரர்கள் வைப்பதே இல்லை. டாக்டர் சீட்டோடு போனாலும் கிடைக்காத மருந்து, சீட்டே இல்லாமல் தெரிந்தவர் மூலமாகக் கிடைக்கிறது. பெட்டி இல்லாத வெறும் அட்டையாக!

சகோதரிகளில் பலர் இன்னும் கணவர் கையெழுத்து வேண்டும் என்று நினைக்கிறார்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது சட்டம். அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாம் இதற்கு அனுமதிக்கப்பட்ட இடங்களே. 2021 திருத்தத்துக்குப் பிறகு பெண்ணின் பெயரை வெளியிடுகிற டாக்டருக்கு ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தத் தங்கச்சி இதில் ஒன்றையும் அறியாள். நான் அறிந்திருந்தேன், சொல்லவில்லை.

இப்போது உங்கள் மனதில் உள்ள கேள்விக்கு வருகிறேன். நம் சபை மூப்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "சிஸ்டர், நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா அபாயம் இல்லைன்னு நம்ம பத்திரிகையிலயே போட்டா, தயங்குற பிள்ளைக்கும் நாமளே கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆகாதா? ஒரு சிசுவையாவது அந்தப் பயம் காப்பாத்தியிருக்காதா?" என்றார்.

லேசான கேள்வி இல்லை. இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கர்ப்பத்தில் இருக்கிற ஜீவன் தேவனுடையது என்று நானும் விசுவாசிக்கிறேன், அதை மறைக்கவில்லை. அவர் சொன்னபடி ஒரு சிசு தப்பியிருக்கலாம். தப்பவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மாத்திரை ஆபத்து, ஆகவே பாவம் என்று நான் பிரசங்கித்தேன். அப்படியானால் நாளைக்கு ஒரு ஆபத்தும் இல்லாத மாத்திரை வந்தால் பாவமும் போய்விடுமா? திருடினால் கை வலிக்கும் என்று சொல்லியா பிள்ளைக்குத் திருடாதே என்று கற்றுக்கொடுக்கிறோம்? ஒன்று தப்பு என்று விசுவாசித்தால் தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்க வேண்டும். அந்தத் தைரியம் இல்லாமல் புற்றுநோயைத் துணைக்குக் கூப்பிட்டேன். அது போகட்டும், பத்துக் கட்டளையில் பொய்ச்சாட்சியைக் குறித்த கட்டளைக்கு நல்ல நோக்கத்துக்காகச் சொன்னால் பரவாயில்லை என்று விதிவிலக்கு எழுதியிருக்கிறதா?

மூப்பர் எகிப்தின் மருத்துவச்சிகளை ஞாபகப்படுத்தினார். சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம் உள்ளதைச் சொல்லவில்லையே, தேவன் அவர்களை ஆசீர்வதித்தாரே என்றார். ராகாபும் அப்படித்தானே என்றார். நானும் மருத்துவச்சி வேலை பார்த்தவள், அந்த இரண்டு பேரும் எனக்குப் பிடித்தமானவர்கள், ஆகவே அவர்களை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர்கள் யாரிடம் மறைத்தார்கள்? ராஜாவிடம். கொல்ல அதிகாரம் உள்ளவனிடம் மறைத்து, ஆதரவில்லாதவர்களைக் காப்பாற்றினார்கள். நான் யாரிடம் பொய் சொன்னேன்? கடைசி வரிசையில் பச்சைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தையல்காரப் பெண்ணிடம். பார்வோன் இருந்த இடத்தில் அவளை வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் மூப்பரிடம் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் கஷ்டப்பட்டவள் கூட்டத்தின் நடுவே பின்னாக வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள் அல்லவா? அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு நர்ஸ் முந்தின வாரம், "உதிரம் போகிறவள் கிட்டே வந்தால் செத்துப்போவாள்" என்று பேசியிருந்தால் அவள் வந்திருப்பாளா? அவர் பதில் சொல்லவில்லை. கைப்பிரதியில் அந்தப் பாராவை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. தலைப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அந்தத் தங்கச்சி நம் சபைக்குத் திரும்பவில்லை. பெருங்களத்தூர் பக்கம் வேறு ஒரு சபைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டாவதாக ஒரு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன், காப்பி கொடுத்தாள், பிள்ளையை என் மடியில் வைத்தாள். பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் மேல் உள்ள வருத்தம் போய்விட்டதா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

இந்த மாத முதல் சனிக்கிழமை அதே உபவாசக் கூட்டத்தில், அதே மைக்கில், 2018-ல் நான் சொன்னவை பொய் என்று சொன்னேன். மேலே எழுதினவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். இந்தத் தடவை ஆமென் சத்தம் வரவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெபம் முடிந்து வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மா என் சேலை முந்தானையைப் பிடித்தாள். இருபது வருஷத்துக்கு மேல் சபைக்கு வருகிறவள், எல்லாருக்கும் தெரிந்தவள்.

"சிஸ்டர், 2009-ல நான் டாக்டர்கிட்ட போயி அந்த மாத்திரை சாப்பிட்டேன். மூத்தவளுக்கு அப்ப ரெண்டு வயசு. அப்புறம் எனக்குத் தங்கவே இல்ல. நீங்க பேசுன அன்னிக்கு, அதனாலதான்னு முடிவு பண்ணிட்டேன். அவர்கிட்டகூட சொன்னதில்ல. நெசமாவே அதனால இல்லையா?"

அன்றைக்கு ஜுரம் வந்ததா, நாற்றம் அடித்ததா, வலி நிற்காமல் இருந்ததா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். பத்து நாளில் நின்றுவிட்டதாம், டாக்டர் மறுபடி பார்த்து எல்லாம் சரி என்றாராம். அப்புறம் பிள்ளை தங்காததற்கு எப்போதாவது டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டேன். "எதுக்கு சிஸ்டர், காரணம் தெரிஞ்சதுதானேன்னு எடுக்கல" என்றாள்.

அவளை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஃபேனை நிறுத்திவிட்டார்கள். சாவி வைத்திருக்கிற தம்பி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், மூன்றாவது தடவை சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே பூட்டிட்டு வாங்க ஆன்ட்டி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.